கடல் இல்லாத ஊரில் நல்ல மீன் கிடைக்குமா?

“ஊர்ல இருந்தவரைக்கும் வாரத்துல மூணு நாள் மீன்தான் டாக்டர். ஒண்ணும் பண்ணினதில்ல. பெங்களூர் போனதுக்கப்புறம் ஓட்டல்ல மீன் சாப்பிட்டா முகமெல்லாம் சிவந்து, உடம்பு தடிச்சுப் போயிடுது. எனக்கு மீனே ஒத்துக்காமப் போயிடுச்சா?”

என்னிடம் வரும் இளைஞர்கள் பலர் கேட்கும் கேள்வி இது. நான் வைத்தியம் பார்க்கும் குருவிநத்தம், புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில் தென்பெண்ணை ஆற்றை ஒட்டிய கிராமம். ஆற்றுக்கு அக்கரை கடலூர் பக்கம். கிழக்கே சில கிலோமீட்டர் போனால் கடல். அதிகாலையில் வலையில் விழுந்த மீன், காலை பத்து மணிக்கெல்லாம் எங்கள் தெருவுக்கு வந்துவிடும். இப்படி வளர்ந்த பிள்ளைகள்தான் படிப்பு, வேலை என்று பெங்களூர், கோயமுத்தூர், ஐதராபாத், டெல்லி என்று போகிறார்கள். ஆள் போய்விடுகிறது, நாக்கு மட்டும் இங்கேயே நின்றுவிடுகிறது!

மேலே சொன்ன கேள்விக்கு, கூட வந்த அம்மாவே பதிலும் சொல்லிவிடுவார். “இனிமே மீனையே தொடாதேன்னு கண்டிச்சுச் சொல்லுங்க டாக்டர்!” அவசரப்பட வேண்டாம் அம்மா. பல சமயம் குற்றவாளி மீன் அல்ல. அந்த மீன் வெயிலில் கிடந்த நேரம்.

விளக்குகிறேன். சூரை, காணாங்கத்தை (கானாங்கெளுத்தி என்றும் அயிலை என்றும் சொல்வார்கள்), மத்தி, நெத்திலி, ஏன் நம் வஞ்சிரம் உள்பட சில மீன்களின் சதையில் ‘ஹிஸ்டிடின்’ என்ற சத்து இயற்கையாகவே அதிகம். மீன் செத்த பிறகு குளிர்ச்சியில் வைக்காமல் விட்டால், அதிலுள்ள பாக்டீரியாக்கள் இந்த ஹிஸ்டிடினை ‘ஹிஸ்டமின்’ என்ற பொருளாக மாற்றிவிடுகின்றன. சில மணி நேரம் வெப்பத்தில் கிடந்தாலே போதும். ஒவ்வாமை வரும்போது நம் உடம்பு தானாகச் சுரப்பதும் இதே ஹிஸ்டமின்தான். அதனால்தான் முகச் சிவப்பு, தலைவலி, தடிப்பு, படபடப்பு, வயிற்று வலி, பேதி என்று அச்சு அசலாக அலர்ஜி போலவே தெரிகிறது. சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் ஆரம்பிக்கும். பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கிவிடும்.

இதில் முக்கியமான விஷயம், ஒருமுறை மீனில் ஹிஸ்டமின் சேர்ந்துவிட்டால் கொதிக்க வைத்தாலும் போகாது, எண்ணெயில் முறுகப் பொரித்தாலும் போகாது, திரும்ப ஃப்ரீசரில் வைத்தாலும் போகாது. ‘நல்லா வெந்திருந்தது டாக்டர், அப்புறம் எப்படி?’ என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

சித்த மருத்துவத்தில் ‘கரப்பான் பண்டம்’ என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம். தோல் நோய்க்கு மருந்து கொடுக்கும்போது மீன், கருவாடு, கத்தரிக்காய் என்று சிலவற்றை நிறுத்தச் சொல்வோம். அது மருந்து சாப்பிடும் காலத்துக்கான பத்தியம். அதையே ஆயுள் தண்டனையாக எடுத்துக்கொண்டு, இருபத்தைந்து வயதில் மீனை விட்டுவிட்டவர்களை எனக்குத் தெரியும். நல்ல புரதமும் ஒமேகா-3 கொழுப்பும் உள்ள ஓர் உணவை, காரணம் தெரியாமலே இழந்துவிட்டார்கள்.

நிஜமான அலர்ஜி எது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் மேலே போகக் கூடாது. ஒரே மேசையில் ஒரே மீனைச் சாப்பிட்ட நாலு பேரில் இரண்டு மூன்று பேருக்கு ஒன்றாக முகம் சிவந்தால், அது கெட்ட மீன். ஊரில் அதே வகை மீன் சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லை, ஓட்டலில் மட்டும் ஆகிறது என்றாலும் கெட்ட மீனைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். மற்றவர்கள் சும்மா இருக்க உங்களுக்கு மட்டும், அதுவும் எங்கே சாப்பிட்டாலும், எவ்வளவு புத்தம் புதிய மீனாக இருந்தாலும் வருகிறது என்றால் அது அலர்ஜி. இறால், நண்டு இரண்டிலும் இந்த அலர்ஜி அதிகம்.

வீட்டிலேயே ‘ஒரு துண்டு சாப்பிட்டுப் பார்க்கலாம்’ என்று பரீட்சை செய்யாதீர்கள். அலர்ஜி நிபுணரிடம் போய்ப் பரிசோதனை செய்துகொண்டு முடிவு செய்யுங்கள். தொண்டை இறுகுகிறது, மூச்சு இழுக்கிறது, உதடு வீங்குகிறது, தலை சுற்றி மயக்கம் வருகிறது என்றால் அது கெட்ட மீனா, அலர்ஜியா என்று ஆராய்ச்சி செய்யும் நேரம் அல்ல. அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அங்கே போடும் அட்ரினலின் ஊசிதான் உயிரைக் காக்கும். நான் சித்த மருத்துவன். நானே சொல்கிறேன், இதற்குக் கஷாயம் தேடாதீர்கள்.

காசநோய்க்கு ‘ஐசோநியாசிட்’ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஹிஸ்டமினை உடைத்து வெளியேற்றும் வேலையை அந்த மாத்திரை தடுக்கிறது. மற்றவர்களுக்கு ஒன்றும் செய்யாத மீன்கூட அவர்களைப் படுத்திவிடும். அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். சூரை, காணாங்கத்தை, மத்தி ஆகியவற்றைத்தான் சிகிச்சை முடியும்வரை நிறுத்த வேண்டும்.

தூரம் பெரிதில்லை, ஐஸ்தான் பெரிது

‘கடலே இல்லாத ஊரில் எப்படிப் புது மீன் கிடைக்கும்?’ என்று நீங்கள் நினைக்கலாம். நம் ஊர் வெயிலில் சும்மா கிடக்கும் மீன் அரை நாளில் கெட ஆரம்பித்துவிடும். பிடித்தவுடனே ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்ற கணக்கில் அடுக்கிவிட்டால், அதே மீன் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்கும். விசைப்படகுகள் பல நாள் கடலில் தங்கித்தான் மீன் பிடிக்கின்றன. அதாவது, கரைக்கு வரும்போதே அந்த மீனுக்கு வயது இரண்டு மூன்று நாள் ஆகியிருக்கும். ஆகவே துறைமுகத்துப் பக்கத்து ஓட்டலில் மத்தியானம் வரை ஐஸ் இல்லாமல் தட்டில் கிடந்த மீனைவிட, ஐஸ் பெட்டியில் மூழ்கி மங்களூரிலிருந்து பெங்களூர் வரை சுமார் 350 கிலோமீட்டர் வந்த மீன் நல்ல மீனாக இருக்க முடியும்.

நான் படித்தது பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில். தூத்துக்குடி அங்கிருந்து சுமார் ஐம்பது கிலோமீட்டர்தான். அந்த ஊர் மெஸ்களில் மீன் சாப்பிட்டுப் பழகியபோதுதான் ஒன்று புரிந்தது. கூட்டம் அலைமோதும் சின்ன மெஸ்ஸில் மீன் ருசிக்கும். ஈ ஓட்டும் பெரிய ஓட்டலில் ருசிக்காது. கூட்டம் உள்ள இடத்தில் மீன் தங்குவதில்லை, அவ்வளவுதான் ரகசியம்.

அப்படியானால் ஓட்டலை எப்படிக் கண்டுபிடிப்பது? பெயர்ப் பலகையில் மீன் படம் போட்டிருக்கிறதா என்று பார்க்காதீர்கள். சாப்பிட வருபவர்கள் யார் என்று பாருங்கள். பெங்களூரில் மங்களூர்க்காரர்கள், உடுப்பிக்காரர்கள், மலையாளிகள் குடும்பத்தோடு வந்து உட்காரும் ஓட்டல். கோவையில் கேரளக்காரர்கள் மதியச் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும் மெஸ். டெல்லியில் சித்தரஞ்சன் பார்க் போல வங்காளிகள் வாழும் பகுதி. மீனை மூக்காலேயே எடை போடுகிற ஜனங்கள் இவர்கள். ஒருநாள் பழைய மீன் போட்டால் மறுநாள் வரமாட்டார்கள். (குறிப்பிட்ட ஓட்டல்களின் பெயர் கேட்டுக் கடிதம் போடாதீர்கள். இன்றைக்கு நல்ல ஓட்டல், சமையல்காரர் மாறினால் நாளைக்கு வேறு ஓட்டல்!)

வேற்று ஊரில் மீனின் பெயர் தெரியாமல் முழிக்க வேண்டாம். பெங்களூர் மங்களூர் ஓட்டலில் ‘அஞ்சல்’ என்றால் வஞ்சிரம். ‘காணே’ என்றால் நம் கிழங்கான். ‘பங்குடே’ என்றால் காணாங்கத்தை. ஐதராபாத்தில் ‘கொர்ரமீனு’ என்பது விரால். பெயர் தெரிந்தால் பாதி ஏமாற்றம் குறையும். ஏனென்றால் ‘பிஷ் ஃபிங்கர்’, ‘பிஷ் டிக்கா’ என்று முள் இல்லாமல் வருவது பெரும்பாலும் ‘பாசா’ என்ற, வளர்ப்புக் குளத்து மீன். உறைய வைத்து வருகிறது. அது விஷமல்ல, சாப்பிடலாம். கொடுவா விலை கொடுத்துச் சாப்பிடத்தான் அவசியமில்லை.

உட்கார்ந்ததும் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: “இன்னைக்கு என்ன மீன் வந்திருக்கு தம்பி?” பரிமாறுபவர், “சங்கரா இல்ல சார், வவ்வாலும் மத்தியும் வந்திருக்கு” என்று சொன்னால் சந்தோஷமாக உட்காருங்கள். ‘இல்லை’ என்று சொல்லத் தெரிந்த ஓட்டல் நல்ல ஓட்டல். “எல்லாமே இருக்கு சார்!” என்று இருபது மீன் பெயரை மூச்சு விடாமல் ஒப்பித்தால், சாம்பார் சாதம் சொல்லிவிடுங்கள்.

மசாலா தடவிய மீன்களைக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி வைத்திருப்பார்கள். அடியில் ஐஸ் இருக்கிறதா, அல்லது பெட்டி குளிர்ச்சியாக இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் விளக்கு மட்டும் எரிந்தால் வேண்டாம். விளக்கும் சூடுதானே! மசாலா தடவாத முழு மீனைக் காட்டச் சொல்லி, அதையே பொரித்துத் தரச் சொல்வது இன்னும் உத்தமம். கண் குழிவிழாமல் மினுமினுக்க வேண்டும். செவுளைத் தூக்கினால் சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அமுக்கினால் சதை உடனே மேலெழும்ப வேண்டும். நம் வீட்டுப் பெண்கள் கூடைக்காரம்மாவிடம் பேரம் பேசிக்கொண்டே செய்யும் அதே பரிசோதனைதான். ஓட்டலில் மட்டும் ஏன் கூச்சப்பட வேண்டும்?

புது இடத்தில் முதல் நாளே குழம்பு சொல்லாதீர்கள் என்பது என் கட்சி. புளியும் மிளகாயும் பழைய மீனை அழகாக மறைத்துவிடும். உப்பு, மஞ்சள், மிளகு மட்டும் போட்ட வறுவலில் எதையும் மறைக்க முடியாது. நல்ல மீன் விரல் பட்டதும் இதழ் இதழாகப் பிரியும். பழசு மாவு போலக் குழையும். வாயில் வைத்ததும் மிளகாய்க் காரம் அல்லாத ஒரு சுருக்கென்ற எரிச்சல் நாக்கில் தெரிந்தால், ஹிஸ்டமின் அங்கே இருக்கிறது என்று அர்த்தம். விலையைப் பார்க்காமல் துப்பிவிடுங்கள். சுறா, திருக்கை இரண்டிலும் நெடி மூக்கைத் துளைத்தால் அதுவும் பழசு. நண்டு உயிரோடு இருந்ததைக் காட்டினால் மட்டும் சாப்பிடுங்கள்.

பளபளவென்ற ரத்தச் சிவப்பு வறுவல் என்றால் அது கலர்ப் பொடி வேலை. கர்நாடக அரசு 2024 ஜூனில் மீன், கோழி கபாப்களில் செயற்கை நிறம் சேர்ப்பதையே தடை செய்துவிட்டது. காய்ந்த மிளகாயை அரைத்துப் பூசினால் வருவது மங்கலான செங்கல் நிறம்தான். எண்ணெயையும் கவனியுங்கள். திரும்பத் திரும்பக் காய்ச்சிக் கறுத்த எண்ணெய்ச் சட்டியிலிருந்து வந்த மீன், எவ்வளவு புதியதானாலும் நெஞ்சைக் கரிக்கும்.

ஈ மொய்க்காத மீன்

2018 ஜூனில் கேரளத்தில் ‘ஆபரேஷன் சாகர் ராணி’ என்று ஒரு சோதனை நடந்தது. வாளையாறு, ஆரியங்காவு சோதனைச் சாவடிகளில் ஃபார்மலின் கலந்த மீன் டன் கணக்கில் பிடிபட்டது. அடுத்த மாதமே கோவா அரசு வெளிமாநில மீன் வரத்துக்குச் சில நாள் தடை போட்டது. ஃபார்மலின் என்றால் என்ன என்று எனக்கு மூக்குக்கே தெரியும். கல்லூரியில் உடற்கூறு படித்தபோது, சடலத்தைக் கெடாமல் வைக்க ஊற்றி வைத்திருந்த, கண்ணை எரிக்கும் திரவம் அது! அதிலுள்ள ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2004-ல் அறிவித்துவிட்டது.

ஐஸ் செலவை மிச்சம் பிடிக்கச் சிலர் செய்யும் பாவம் இது. அந்த மீன் விறைப்பாக, ரப்பர் போல இருக்கும். உடம்பு புதுசாகத் தெரியும், கண் மட்டும் மங்கிக் கிடக்கும், மீன் வாசனையே வராது. ஈகூட அண்டாது. மீன் கடையில் ஈ இல்லையென்றால் சுத்தம் என்று சந்தோஷப்படாதீர்கள்! கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இதைக் கண்டுபிடிக்க ஒரு காகிதப் பட்டையைத் தயாரித்திருக்கிறது. மீன்மேல் தேய்த்து மருந்துச் சொட்டு விட்டால் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும். உங்கள் குடியிருப்பில் நாலு குடும்பம் சேர்ந்து ஒரே கடையில் மீன் வாங்குகிறீர்கள் என்றால், ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

காலண்டரும் கைகொடுக்கும்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மீன்கள் குஞ்சு பொரித்துப் பெருகட்டும் என்று அரசு விடும் விடுமுறை. கர்நாடகம், கேரளம் உள்ள மேற்குக் கரையில் ஜூன் தொடங்கி ஜூலை 31 வரை தடை. ஆகவே மே மாதத்தில் பெங்களூரில் நல்ல மீன் என்றால் மங்களூர்ப் பக்கத்து மீன். ஜூலையில் என்றால் நம் கரை மீன். ஜூன் முதல் பாதியில் இரண்டு பக்கமும் கதவு சாத்தியிருக்கும். அப்போது நாட்டுப் படகு மீன் கொஞ்சம்தான் கிடைக்கும். மற்றதெல்லாம் ஃப்ரீசரில் இருந்து வருவது. மைனஸ் 18 டிகிரியில் ஒழுங்காக உறைய வைத்த மீனில் தவறில்லை. ஆனால் அந்த இரண்டு வாரத்தில் ‘இன்னைக்குக் காலைல வந்த வஞ்சிரம்’ என்று ஒருவர் சத்தியம் செய்தால் சிரித்துக்கொண்டே எழுந்து வந்துவிடுங்கள்.

புரட்டாசியிலும் கவனம் தேவை. பல வீடுகளில் அசைவம் கிடையாது. ஓட்டலில் கூட்டம் குறையும், மீன் தங்கும்.

இன்னொன்று கேட்கிறேன். கடல் இல்லாத ஊரில் கடல் மீனேதான் வேண்டுமா? மதுரைக்காரர்கள் என்ன செய்கிறார்கள் பாருங்கள். கண்மாயில் பிடித்த அயிரையைத் தண்ணீரோடு உயிராகவே கொண்டுவந்து, மண்ணைக் கக்கும்படி பாலிலோ மோரிலோ விட்டுக் கழுவிக் குழம்பு வைக்கிறார்கள். சட்டிக்குள் போகும்வரை உயிரோடு இருந்த மீனில் ஹிஸ்டமின் எங்கே வரும்? விராலும் அப்படித்தான். தண்ணீருக்கு மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும் மீன் அது. கொஞ்சம் தண்ணீர் இருந்தாலே உயிரோடு வெகுதூரம் வரும். எங்கள் பாகூர் ஏரிப் பக்கம் நோயில் கிடந்து எழுந்தவர்களுக்கு விரால் குழம்புதான் முதலில் வைப்பார்கள். மாநில மீனாகவே விராலை வைத்திருக்கிறது தெலங்கானா. ஆகவே ஐதராபாத்தில் இருக்கும் பிள்ளைகள் வஞ்சிரத்துக்கு ஏங்குவதைவிடத் தொட்டியில் நீந்தும் கொர்ரமீனைக் காட்டி வாங்குவது புத்திசாலித்தனம். கட்லா, ரோகு கெண்டைகளும் நல்லவை. முள் அதிகம் என்பதால் குழந்தைக்குப் பார்த்து ஊட்ட வேண்டும்.

ஏரி மீனிலும் ஒரு ‘ஆனால்’ உண்டு. பெருநகரத்து ஏரிகளில் சாக்கடை கலக்கிறது. 2016 மார்ச்சில் பெங்களூர் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. மீன் எந்த அணை, எந்தக் குளம் என்று கேட்டு வாங்குங்கள்.

கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் ஓட்டல் சுறாவையும் பெரிய மீன்களையும் அடிக்கடி சாப்பிட வேண்டாம். பெரிய மீன் சின்ன மீனைத் தின்று வளர்வதால் அதன் உடம்பில் பாதரசம் சேர்ந்துகொண்டே போகும். பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப் புட்டு என்று பாட்டிமார் அடம்பிடிப்பார்கள். பூண்டையும் மிளகையும் போட்டு நெத்திலியில் செய்துகொடுங்கள், பாட்டிக்கும் திருப்தி. மீனும் தயிரும் சேரக் கூடாது என்பது எங்கள் மருத்துவத்தின் பழைய எச்சரிக்கை. நவீன மருத்துவம் இதை உறுதி செய்யவில்லை. தோல் நோய் உள்ளவர்கள் மட்டும் தவிர்த்தால் போதும் என்பது என் அபிப்பிராயம்.

பெங்களூர் பஸ்ஸில் பிள்ளைக்கு மீன் குழம்பு கொடுத்தனுப்பும் தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. ‘மீன் குழம்பு மறுநாள்தான் ருசி’ என்பது உண்மைதான். ஆனால் அது நம் சட்டியில், நம் கண் முன்னே இருக்கும் குழம்புக்கு. சூடான குழம்பைத் தூக்கில் ஊற்றி மூடி, ராத்திரி முழுக்க ஏழெட்டு மணி நேரம் பஸ்ஸில் வைத்தால் அது வெதுவெதுப்பாகவே இருந்து கெடும். மத்தியானமே வைத்து, ஆறவிட்டு, ஃபிரிட்ஜில் நன்றாகக் குளிர வைத்து, தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் கட்டிகளோடு அடுக்கிக் கொடுங்கள். போய் இறங்கியதும் ஒரே ஒரு தடவை தளதளவெனக் கொதிக்க வைத்துச் சாப்பிடச் சொல்லுங்கள். ஓட்டல் பார்சலுக்கும் இதே சட்டம்தான்: வாங்கி இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிடுங்கள், மிச்சத்தை உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள். அதற்கு மேல் மேசையில் கிடந்த வறுவலை, ‘காசு கொடுத்து வாங்கினதாச்சே’ என்று மறுநாள் சூடுபண்ணிப் பிள்ளையின் டிபன் பாக்ஸில் வைக்காதீர்கள்.